பத்துக்குப் பத்து கேனோபி: சந்தையில் கைவினைக் கடை போடுகிறவர்கள் எதை வாங்கலாம், எதை விடலாம்

கேனோபி, அதாவது நாலு காலில் மடக்கி விரிக்கும் துணிக் கூடாரம், விற்கிறவர் முதலில் தட்டிக் காட்டுவது கூரைத் துணியை. அடுத்து, கண் மூடித் திறப்பதற்குள் அதை விரித்துக் காட்டுவார். சந்தையில் கடை போடுகிறவருக்கு இரண்டுமே இரண்டாம்பட்சம்தான். கால் குழாயின் தடிமன், மூலைப் பூட்டு, கூரையின் நிறம், காலில் கட்டும் எடை ஆகிய நான்கில்தான் கேனோபியின் ஆயுளும் கடையின் வியாபாரமும் இருக்கின்றன. நான்காவது பெட்டியோடு வருவதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கல்லூரி வளாகத்தில் ஒருநாள் விற்பனை, அடுக்குமாடிக் குடியிருப்பின் தீபாவளிக் கடைகள், கடற்கரைச் சாலையோர மாலைச் சந்தை போன்ற இடங்களில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு சதுரம் மட்டுமே. நிழல், மேசை, விளக்கு எல்லாம் கடைக்காரர் பொறுப்பு. சுடுமண் நகை, பனையோலைக் கூடை, கையச்சுத் துணி, மெழுகுவர்த்தி என்று எதை விற்றாலும் எல்லோரும் கடைசியில் வந்து சேர்வது 10 அடிக்கு 10 அடி மடக்குக் கேனோபியிடம்தான். அதனால் இந்த விமர்சனம் ஒரு பிராண்டைப் பற்றியதல்ல. சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான கேனோபிகள் ஒரே வார்ப்பில் வந்து வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டவை. தரத்தை வைத்துப் பேசினால்தான் வாங்குகிறவருக்கு உபயோகம்.

யாருக்கு இது தேவையே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். டெல்லி ஹாட் மாதிரி கட்டிய கடைகள் உள்ள இடத்திலும், ஹரியானாவின் சூரஜ்குண்ட் கைவினை மேளா மாதிரி குடிசைக் கடை ஒதுக்கித் தரும் இடத்திலும் கேனோபிக்கு வேலையில்லை. மண்டபத்துக்குள் நடக்கும் கண்காட்சிகளில் அலுமினியச் சட்டத்தில் வெள்ளைப் பலகை செருகிய தடுப்புக் கடைதான் கிடைக்கும். அங்கே ஆணி அடிக்கக் கூடாது, பசை நாடா ஒட்டக் கூடாது. மேல் சட்டத்தில் மாட்டும் எஸ் கொக்கியும் சங்கிலியும்தான் வேண்டும். ஆண்டு முழுவதும் இப்படிப்பட்ட இடங்களுக்கே போகிறவர் கேனோபிப் பணத்தைச் சரக்கில் போடலாம். திறந்தவெளியில் ஆண்டுக்கு நாலைந்து நாள் மட்டும் கடை என்றால் ஊர்ப் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுப்பது மலிவு. கணக்கு எளிது: கேனோபி, எடை, பெல்ட், பை எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆகிறது, பந்தல்காரர் ஒரு நாளைக்கு 600 கேட்கிறார் என்று வைத்துக்கொண்டால், 20 நாள் கடை போட்ட பிறகுதான் சொந்தக் கேனோபி தன் காசை எடுக்கும்.

மூன்று தரம்

எந்தக் கடையிலும் கேனோபியைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். விளம்பரத்தில் 'ஹெவி டியூட்டி' என்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். தராசு பொய் சொல்லாது. கூரைத் துணியோடு 15 கிலோவுக்குக் கீழே இருந்தால் அது மெல்லிய ரகம். 20 முதல் 25 கிலோ என்றால் நடுத்தரம். இரும்பில் 30 கிலோவைத் தாண்டினால் கனமான ரகம். அலுமினியத்தில் எடையை விடக் காலின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அறுகோணக் கால் உள்ளவை உறுதியானவை, விலையும் அதற்கேற்றது. மெல்லிய ரகம் நாலாயிரம், ஐயாயிரம் அளவில் கிடைக்கும். நடுத்தரம் ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் இருக்கும். நல்ல அலுமினியம் அதைப்போல் இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் இது ஏறி இறங்கும். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் வாங்காமல் இருப்பதே ஒரு தள்ளுபடி.

இரும்புக் காலில் கேட்க வேண்டிய கேள்வி, "பைப் எத்தனை கேஜ்?" 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மில்லிமீட்டர். 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர். 16 கேஜ் 1.6 மில்லிமீட்டர். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும் என்பது வெல்டிங் பட்டறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். வெளிக்கால் 30 மில்லிமீட்டர் சதுரம், 18 கேஜ் இருந்தால் போதும். அதற்குக் கீழே போனால், உள்கால் ஏறி இறங்கும் இடத்தில் ஒரு சின்ன நசுங்கல் விழுந்தாலே கால் நீளாது. வாகனத்தில் மேசையை அதன் மேல் போட்டாலே அந்த நசுங்கல் வந்துவிடும்.

அளவிலும் ஒரு தந்திரம் உண்டு. கால்கள் வெளிப்பக்கம் சாய்ந்த மாடல்களில் தரையில் 10 அடி இருக்கும், மேலே கூரை 8 அடிக்கு 8 அடிதான். நூறு சதுர அடி நிழல் என்று நினைத்து வாங்கியது 64 சதுர அடியாகச் சுருங்கிவிடும். சாய்ந்த கால் பக்கத்துக் கடையின் எல்லைக்குள்ளும் நீளும், சண்டை வரும். நேர்க்கால் மாடல் மட்டுமே சந்தைக்கு.

மூலைப் பூட்டு என்பது காலின் மேல்பக்கம் ஏறி 'டக்' என்று உட்காரும் பிளாஸ்டிக் பாகம். கேனோபியில் முதலில் சாவது இதுதான். வெயிலில் பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகும், விரல் நசுங்குமோ என்ற பயத்தில் ஒரே பக்கம் அழுத்தித் தள்ளும்போது பூட்டின் காது உடையும். வாங்கும்போது பூட்டை ஐந்து முறை போட்டு எடுத்துப் பாருங்கள். வெள்ளைக் கீறல் தெரிந்தால் அது விரிசலின் ஆரம்பம். உதிரிப் பூட்டு தனியாகத் தருவாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தர மாட்டேன் என்பவரிடம் எவ்வளவு விலை குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

கூரையின் நிறம்

கைவினைப் பொருள் விற்கிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அடர் நீலம், சிவப்பு, பச்சைக் கூரைகள் தூரத்திலிருந்து கண்ணை இழுக்கும், அழுக்கும் தெரியாது. ஆனால் பகல் வெளிச்சம் துணியின் வழியாக இறங்கும்போது கூரையின் நிறத்தையும் கூடவே கொண்டுவரும். நீலக் கூரையின் கீழே மஞ்சள் சாயத் துணி பச்சையடித்துத் தெரியும். சிவப்புக் கூரையின் கீழே சுடுமண் எல்லாம் ஒரே செங்கல் நிறம். காதணி போட்டுக் கண்ணாடி பார்க்கிறவருக்குத் தன் முகமே வெளிறிப்போய்த் தெரியும்போது அவர் காதணியைத்தான் கழற்றி வைப்பார், கூரையைக் குறை சொல்லமாட்டார். துணி வாங்கி வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்து, "இந்தக் கலரா வாங்கினேன்?" என்று திருப்பிக் கொண்டுவரும் வழக்குகளில் பல கூரையின் வேலை.

வெள்ளை அல்லது சந்தன நிறம்தான் சரி. அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு அல்லது கறுப்புப் பூச்சு உள்ள துணி வெளிச்சத்தையே தடுத்துவிடும். வெப்பம் குறைவது உண்மைதான், ஆனால் நண்பகலிலும் உள்ளே விளக்கு போட வேண்டியிருக்கும். மெழுகுவர்த்தி, தேங்காயெண்ணெய் கலந்த பாம் (உடலில் பூசும் கட்டித் தைலம்) விற்கிறவர்களுக்கு மட்டும் இந்தப் பூச்சு நல்லது. தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும் அதற்கு வெகு முன்னாலேயே குழைந்து வளையத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் மெழுகுவர்த்திகளை நிற்க வைக்காமல் படுக்க வைப்பது அதனால்தான்.

துணியின் தடிமனை 300, 420, 600 என்று டெனியர் கணக்கில் சொல்வார்கள். அது நூலின் கனம். நீர் புகாமல் தடுப்பது நூல் அல்ல, உள்பக்கப் பூச்சும் தையல் மேல் ஒட்டிய நாடாவும்தான். 600 டெனியர் வாங்கியும் தையல் வழியாகச் சொட்டச் சொட்ட நனைந்த கடைகள் எத்தனையோ. கடையிலேயே கூரையின் முகட்டுத் தையலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எடை

பெட்டியோடு வரும் நாலு முளைக்குச்சியும் மெல்லிய கயிறும் தார்ச்சாலையிலும் சிமெண்ட் கல் பதித்த தரையிலும் எதற்கும் ஆகாது. கேனோபியின் கூரைப் பரப்பு சுமார் 9 சதுர மீட்டர். காற்று அதை முழுதாகத் தூக்குவதாக வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் தூக்கும் விசை 40 கிலோ எடைக்குச் சமம். 40 கிலோமீட்டரில் 70 கிலோ. 50 கிலோமீட்டரில் நூறைத் தாண்டும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. காலையில் அசையாமல் நின்ற கேனோபி மாலையில் பறப்பது இதனால்தான். 20 கிலோ கேனோபி தன் எடையால் மட்டும் நிற்கிறது என்று நம்புவது, கடைக்கு முன்னால் நிற்கும் குழந்தைகளைப் பணயம் வைப்பது.

காலுக்கு 20 கிலோ, நாலு காலுக்கு 80. இதற்குக் கீழே பேச்சே இல்லை. மலிவாகவும் நிரந்தரமாகவும் செய்யும் வழி: 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயைத் தலா ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு துண்டுகளாக வெட்டி, அடியில் மூடி ஒட்டி, உள்ளே 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நாலு) நிரப்ப வேண்டும். ஒரு குழாயில் ஏறத்தாழ எட்டரை லிட்டர் பிடிக்கும், கெட்டியானதும் 20 கிலோ நிற்கும். நாலுக்கும் சேர்த்துக் கால் மூட்டை சிமெண்ட் போதும். ஈரமாக இருக்கும்போதே 10 மில்லிமீட்டர் கம்பியை யு வடிவில் வளைத்து, கம்பியின் இரு நுனிகளையும் வெளிப்பக்கம் விரித்து, வளைவு மேலே கொக்கியாக நிற்கும்படி ஒரு சாணுக்குக் குறையாமல் உள்ளே இறக்கிவிடுங்கள். நுனியை விரிக்காமல் நேராகச் செருகினால் நாலைந்து சந்தைக்குப் பிறகு கொக்கி மட்டும் கையோடு வரும். ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஆறவிட்டுப் பிறகு எடுங்கள்.

குழாயைக் காலோடு ஒட்டி நிறுத்தி இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். அதோடு விடக் கூடாது. கொக்கியிலிருந்து கூரையின் மேல்மூலைக்கு ராட்செட் பெல்ட் (நெம்பி இறுக்கும் பட்டை) போட்டு இறுக்க வேண்டும். எடையைப் பாதத்தில் மட்டும் வைத்தால் கால் தரையில் நிற்கும், கூரைச் சட்டம் மட்டும் உருவிக்கொண்டு மேலே போகும். நைலான் கயிறு நனைந்தால் தளரும், அதனால் பாலியெஸ்டர் பெல்ட். குழாயின் மேல் கடைத் துணியில் தைத்த உறை போட்டால் பார்க்க அழகு. யாரும் தடுக்கி விழாதபடி கண்ணில் படும் நிறமாக இருக்கட்டும்.

கான்கிரீட்டைச் சுமக்க முடியாதவர்களுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது. எந்த ஊரிலும் கிடைக்கும், நிரப்பினால் சரியாக 20 கிலோ, முடிந்ததும் கொட்டிவிடலாம். குறை ஒன்றுதான், கழுத்தில் மட்டும் கட்டினால் நழுவும். சாக்குப் பையில் போட்டுச் சாக்கைக் கட்டுங்கள். எம்-சாண்ட் நிரப்பிய மூட்டையும் தேறும், பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர் மணல் 20 கிலோ வரும். செங்கல்லை அடுக்கி வைப்பது மட்டும் வேண்டாம். கல் ஒன்று சுமார் மூன்று கிலோதான் தேறும், அடுக்கு சரிந்தால் விரல் போகும்.

பக்கத்துக் கேனோபியோடு சேர்த்துக் கட்டுவது நல்ல பழக்கம், அவரும் எடை வைத்திருந்தால். அவர் வைக்கவில்லை என்றால் உங்கள் 80 கிலோ இரண்டு கூரைக்குப் பங்கு போகும். கட்டுவதற்கு முன் அவர் காலடியைப் பார்த்துவிடுங்கள்.

எப்போது மடக்குவது? தூசியும் காகிதமும் கிளம்பினால் கவனிக்கத் தொடங்குங்கள். சின்ன மரங்கள் முழுதாக ஆடினால் பக்கவாட்டுத் துணிச் சுவர்களைக் கழற்றுங்கள், ஏனென்றால் சுவர் என்பது கப்பலின் பாய். குடை பிடிக்க முடியாமல் ஆட்கள் திணறினால் காற்று 40 கிலோமீட்டரை ஒட்டிவிட்டது, கூரையை இறக்கிவிட வேண்டியதுதான். சென்னைப் பக்கம் கோடை மாலைகளில் மேற்கே கருத்துக்கொண்டு சட்டென்று ஒரு குளிர்காற்று அடித்தால் மழைக்கு முன்னால் பெருங்காற்று வருகிறது என்று அர்த்தம். அந்தச் சில நிமிடங்களில் சரக்கைப் பெட்டியில் போடுவதா, கேனோபியை இறக்குவதா என்று யோசிக்கக் கூடாது. முதலில் கேனோபி. நனைந்த துணி காயும். கோவை, பொள்ளாச்சி, தென்காசிப் பக்கம் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்தில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் அங்கே திறந்த மைதானத்தில் கேனோபி போடாமல் கட்டட நிழலில் இடம் கேட்பது உசிதம்.

மழை

காற்றுக்கு அடுத்தபடி சட்டத்தை உடைப்பது, தேங்கிய தண்ணீர். ஒரு சதுர மீட்டர் குழியில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 50 கிலோ. அந்த எடை கத்தரிக் கம்பிகளின் (கூரையைத் தாங்க கத்தரிக்கோல்போல் குறுக்கே சேர்த்த கம்பிகள்) நடுத்துளையில் இறங்கும், கம்பி அந்தத் துளையில்தான் வளையும். கூரைத் துணியைத் தளர விட்டால் குழி உருவாகும். மூலைகளில் வெல்க்ரோவை இழுத்து ஒட்டுவதோடு, பின்பக்க இரண்டு கால்களையும் ஒரு துளை குறைத்து வையுங்கள். தண்ணீர் வாடிக்கையாளர் தலையில் இறங்காமல் பின்னால் ஓடும். குழி விழுந்தால் துடைப்பக் கட்டையின் மொட்டைப் பக்கத்தில் துணி சுற்றி, கீழிருந்து மெதுவாக விளிம்பை நோக்கித் தள்ளுங்கள். நடுவில் குத்தித் தூக்கினால் துணி கிழியும், பக்கத்துக் கடைக்காரர் நனைவார். கடற்கரை மாவட்டங்களில் வியாபாரம் சூடுபிடிக்கும் ஐப்பசி, கார்த்திகையிலேயே வடகிழக்குப் பருவமழையும் வருவதால் இந்தப் பழக்கம் விருப்பமல்ல, கட்டாயம்.

போடுவதும் பிரிப்பதும்

இரண்டு பேர் இருந்தால் பத்து நிமிட வேலை. எதிரெதிர் மூலையில் நின்று, கத்தரிக் கம்பிகள் சேரும் இடத்தில் விரல் மாட்டாதபடி பிடித்துப் பாதி தூரம் விரிக்க வேண்டும். பாதி விரிந்ததும் கூரைத் துணியைப் போட்டு நாலு மூலையும் ஒட்டி, பிறகு முழுதாக விரித்து, பூட்டுகளை ஏற்ற வேண்டும். கால்களை உயர்த்தும் முன்பே எடையைக் கட்டிவிடுங்கள். உயரமாக நிறுத்திவிட்டு எடையைத் தேடிப் போகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் விபத்து. பிறகு ஒரு பக்கத்து இரண்டு கால்களை ஒரு துளை, அடுத்த பக்கத்தை ஒரு துளை என்று மாறி மாறி ஏற்றுங்கள். ஒரே பக்கத்தை முழுதாக ஏற்றினால் எதிர்ப்பக்கப் பூட்டுகள் முறுக்கிக்கொள்ளும்.

திசையையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். பிற்பகல் கடை என்றால் திறந்த முகம் வடக்கு அல்லது கிழக்குப் பார்த்திருந்தால் நல்லது. நாலு மணி வெயில் மேற்கிலிருந்து கூரைக்கு அடியில் சாய்வாக நுழையும், அந்தப் பக்கம் சுவர் வேண்டும். இயற்கைச் சாயத் துணிகள் ஒரே மாலையில் மடிப்போரம் வெளுப்பது இந்தச் சாய்வு வெயிலில்தான்.

உள்ளே என்ன கொள்ளும்

ஆறு அடி நீளம், இரண்டரை அடி அகலமுள்ள பிளாஸ்டிக் மடக்கு மேசைகள் மூன்றை 'ப' வடிவில் போடலாம். பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் ஐந்தடி வழி கிடைக்கும், இரண்டு பேர் தோள் உரசாமல் நிற்கலாம். நாலாவது மேசையை முன்னால் போட்டு வாயை அடைப்பவர்கள் உள்ளே வரும் ஆளையும் சேர்த்து அடைக்கிறார்கள். இந்த மேசைகளின் உயரம் 29 அங்குலம், சாப்பிட உட்காரும் உயரம் அது. நிற்கிறவர் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். மேசைக் காலின் அடியில் பிவிசி குழாய்த் துண்டைச் செருகி ஏழு அங்குலம் உயர்த்தினால் 36 ஆகும். முதுகு வளைக்காமல் பொருளை எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்துப் பார்த்த பொருள்தான் விற்கும்.

மேசையின் மேல் அடுக்குக்குத் தனியாக ஸ்டாண்ட் வாங்க வேண்டாம். நவராத்திரி முடிந்த வாரத்தில் மடக்குக் கொலுப்படியை விலை குறைத்துத் தருவார்கள், மூன்று படி போதும். வெள்ளை வேட்டி விரித்துச் சுடுமண் பொம்மையோ ஜாடியோ வைத்தால் கண் மட்டத்துக்கு வந்துவிடும். கனமானது கீழ்ப்படியில், இல்லாவிட்டால் முதல் காற்றுக்கே படி முன்னால் சாயும். தொங்கவிடும் பொருளுக்கு ஆறடிக்கு இரண்டடி கம்பி வலையும் எஸ் கொக்கியும். வலையைக் கேனோபிக் காலில் கட்டுவதற்கு மொத்தம் ஆறு ஜிப் டை. கத்தரிக் கம்பியில் எதையும் தொங்கவிடாதீர்கள், பைகளைத் தொங்கவிட்டே கம்பியை வளைத்தவர்கள் உண்டு.

மாலைக் கடைக்கு விளக்கு பற்றிச் சுருக்கமாக. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கு பித்தளையையும் சுடுமண்ணையும் பிணம்போல் காட்டும். 4000 கெல்வின் துணிக்குச் சரி, 3000 பித்தளைக்கும் மரத்துக்கும். பெட்டியில் சி.ஆர்.ஐ. (பொருளின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 என்று இருந்தால் நூறு ரூபாய் அதிகம் கொடுக்கலாம். மின்சாரம் தராத சந்தையில் 12 வோல்ட் 7 ஆம்பியர் யுபிஎஸ் பேட்டரி 84 வாட்-மணி கொள்ளும். ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அதனால் 10 வாட் எல்இடி பட்டையை நாலு மணி நேரம் எரிக்கலாம், அவ்வளவுதான்.

பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ் கூட்டமான சந்தையில் தாமதிக்கும், உள்ளே இருக்கும் சிம்முக்கும் அதே நெரிசல்தான். சத்தம் வரவில்லை என்று வாடிக்கையாளரைக் காக்க வைக்காமல் உங்கள் செயலியில் வரவைப் பாருங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் கணக்கில் சேராது. க்யூஆர் அட்டையைக் காலையில் ஒருமுறை நீங்களே ஸ்கேன் செய்து, யார் பெயர் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எதை எடுப்பது

மாதம் இரண்டு மூன்று நாள், ஊருக்குள்ளேயே கடை என்றால் நடுத்தர இரும்பு: 30 மில்லிமீட்டர் நேர்க்கால், 18 கேஜ், வெள்ளைக் கூரை, உதிரிப் பூட்டு கிடைக்கும் கடை. கடற்கரையில் வாராவாரம் போடுகிறவர் அலுமினியத்துக்குப் போகலாம். உப்புக்காற்று இரும்புக் கம்பிகளின் போல்ட் துளையில் பெயிண்ட் உரிந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மழைக்காலத்தில் கத்தரி மடங்காது. அலுமினியத்திலும் போல்ட் எஃகுதான் என்பதை மறக்க வேண்டாம், அதையும் நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். மெல்லிய ரகத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது என்றால் பூக்கடைக்காரர் வைக்கும் எட்டடிப் பெரிய குடையும் கல் அடிப்பாகமும் அதைவிட நன்றாக உழைக்கும். ஒரு மேசைக்கு நிழல் தரும், ஓர் ஆள் எடுத்துப் போகலாம்.

வாங்கும் முன் வண்டியை அளந்துவிடுங்கள். மடக்கிய கேனோபி ஐந்தடி நீளம் இருக்கும், சிறிய காரின் டிக்கியில் படுக்காது. பின் சீட்டை மடக்க வேண்டும். அதோடு 80 கிலோ எடை, மூன்று மேசை, சரக்கு. குட்டி யானை வாடகையைக் கடை வாடகையோடு சேர்த்துத்தான் அன்றைய செலவைக் கணக்கிட வேண்டும். சந்தைக்காரர்கள் பலர் வைத்திருக்கும் அளவுகோல், கடை வாடகையைப்போல் பத்து மடங்கு விற்பனை. வண்டிக் கூலியைச் சேர்க்காமல் போடும் பத்து மடங்கு கணக்கு ஆறு ஏழாகத்தான் நிற்கும்.

பழுது பெரும்பாலும் ஊரிலேயே தீரும். வளைந்த கத்தரிக் கம்பியை நிமிர்த்த வேண்டாம், நிமிர்த்திய இடத்தில் மறுபடி வளையும். வெல்டிங் பட்டறையில் அதே நீளத்தில் புதுக் கம்பி வெட்டித் துளையிட்டுத் தருவார்கள், பழையதை மாதிரிக்குக் கொண்டுபோங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டும் உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டும் நாலைந்து எப்போதும் பையில் இருக்கட்டும். நட்டை முழுதாக இறுக்கினால் கத்தரி மடங்காது, இறுக்கிவிட்டு அரைச் சுற்று தளர்த்துங்கள். கூரைத் துணி முதலில் தேய்வது சட்டத்தின் மூலை முட்டும் நாலு இடத்தில். வாங்கிய அன்றே அங்கே பழைய ஜீன்ஸ் துண்டை உள்பக்கம் தைத்துவிட்டால் துணி இன்னும் சில சீசன் ஓடும்.

மழையில் நனைந்த கூரையை அப்படியே பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டு வந்தால், மறுநாள் காலையிலாவது மொட்டைமாடிக் கொடியில் விரித்துவிடுங்கள். தையல் மடிப்புகள் கடைசியாகத்தான் காயும், விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள். வெள்ளைத் துணியில் கரும்புள்ளிப் பூஞ்சை ஒருமுறை வந்தால் சோப்புத் தண்ணீரில் போகாது. ப்ளீச் ஊற்றினால் புள்ளியோடு நீர் தடுக்கும் பூச்சும் போய்விடும்.